என்.பி.எல்.லில் டெக்னிக்கல் அசிஸ்டன்ட் என்றால் எடுபிடி வேலையா?

கேட்டவர் கரோல் பாகில் இருக்கும் ஒரு அம்மா. மகள் பூசா ரோடு தமிழ்ப் பள்ளியில் படித்து, டெல்லி பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, ஒன்றரை வருடமாக ஒரு தனியார் கேலிபரேஷன் லேபில், அதாவது அளவுக் கருவிகளைத் தரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் இடத்தில், வேலை பார்க்கிறாளாம். டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் (என்.பி.எல்.) டெக்னிக்கல் அசிஸ்டன்ட் பதவிக்கு விளம்பரம் வந்தால் விண்ணப்பிக்க நினைக்கிறாள். "பிஎச்.டி. இல்லாம உள்ள போனா சயின்டிஸ்டுக்கு எடுபிடிதான், வாழ்நாள் முழுக்க பாட்டில் கழுவணும்" என்று அவள் சித்தப்பா சொல்லிவிட்டார். உண்மையில் அங்கே யார் என்ன செய்கிறார்கள், அவளுக்கு என்ன வேலை இருக்கும் என்பதுதான் கேள்வி.

சித்தப்பா பாட்டில் கழுவுவதை மட்டமாகச் சொல்லியிருக்கிறார். அளவியல் ஆய்வகத்தில் கழுவுவதும் துடைப்பதும் காத்திருப்பதும்தான் விடையைத் தீர்மானிக்கின்றன. அதற்குக் கீழே வருகிறேன். முதலில் இடத்தைப் பற்றி இரண்டு வரி.

1947 ஜனவரியில் நேரு அடிக்கல் நாட்டி, 1950 ஜனவரியில் வல்லபபாய் படேல் திறந்து வைத்த ஆய்வகம் அது. முதல் இயக்குநர் கே.எஸ். கிருஷ்ணன், நம்ம வத்திராயிருப்புக்காரர். கல்கத்தாவில் ராமனோடு சேர்ந்து 1928இல் ராமன் விளைவைக் கண்டவர். ஆய்வகம் இருக்கும் சாலைக்கு அவர் பெயர்தான். தேர்தலில் விரலில் வைக்கும் அழியாத மை இங்கே உருவானது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் ஆய்வகத்தின் முதல் கடமை அது அல்ல. நாட்டின் கிலோகிராம், மீட்டர், நொடி, வோல்ட், கெல்வின் எல்லாம் எவ்வளவு என்று சொல்ல வேண்டிய இடம் அது. புதுப்பொருள், சூரிய மின்கலம், காற்றுத் தரம் என்று ஆராய்ச்சியும் நடக்கிறது. உங்கள் மகளின் அனுபவத்துக்குப் பொருந்துவது அளவியல் பக்கம் என்பதால் அதையே எழுதுகிறேன்.

பதவிகளை வேகமாகச் சொல்லிவிடலாம். என்.பி.எல். மாதிரி சி.எஸ்.ஐ.ஆர். (மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம்) ஆய்வகங்களில் விஞ்ஞானிகள் நான்காம் குழு, சம்பள நிலை 11, தொடக்க அடிப்படைச் சம்பளம் 67,700. டெக்னிக்கல் அசிஸ்டன்ட் மூன்றாம் குழு, நிலை 6, தொடக்கம் 35,400. ஐ.டி.ஐ. முடித்த டெக்னீஷியன் இரண்டாம் குழு, நிலை 2, தொடக்கம் 19,900. இது தவிர நிர்வாகம், கணக்கு, ஸ்டோர்ஸ் அண்ட் பர்ச்சேஸ் என்று தனிப் பிரிவுகள். ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகத் தாவ முடியாது. அசிஸ்டன்ட்டாகச் சேர்ந்தவர் அந்த வரிசையிலேயே டெக்னிக்கல் ஆபீசர், சீனியர் டெக்னிக்கல் ஆபீசர் என்று மேலே போகலாம். விஞ்ஞானி ஆக வேண்டுமென்றால் எம்.டெக். அல்லது பிஎச்.டி. முடித்து வெளியாட்களோடு போட்டியிட்டுத்தான் வர வேண்டும். சித்தப்பா சொன்னதில் இந்த ஒரு பாதி நிஜம். அதை அவள் சேரும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது வேலைக்கு வருவோம். எடை பார்க்கும் பிரிவை எடுத்துக்கொள்கிறேன், எல்லோருக்கும் புரியும்.

அங்கே இந்தியாவின் தேசியக் கிலோகிராம் இருக்கிறது. பத்தில் ஒன்பது பங்கு பிளாட்டினம், ஒரு பங்கு இரிடியம். உயரமும் விட்டமும் ஏறக்குறைய 39 மில்லிமீட்டர்தான், ஒரு சின்னக் குங்குமச் சிமிழ் அளவு. எண் 57. கிலோகிராமின் வரையறை 2019 மே 20 முதல், இயற்பியலில் மாறாத ஒரு எண்ணான பிளாங்க் மாறிலிக்கு மாறிவிட்டது. அதனால் அதுவரை உலகத்துக்கே கிலோகிராமாக இருந்த, பாரீசுக்குப் பக்கத்தில் உள்ள மூல உருளை அரசு இழந்த ராஜா மாதிரி. ஆனால் தினசரி வேலை மாறவில்லை. ஒரு எடைக்கல்லை இன்னொன்றோடு ஒப்பிட்டுத்தான் கீழே இறக்க வேண்டியிருக்கிறது.

அந்த இறக்கம் ஒரு படிக்கட்டு. ஒரு கிலோ எடைக்கல்லுக்கு அனுமதிக்கப்படும் அதிகபட்சப் பிழை, மிகத் துல்லியமான இ1 வகுப்பில் 0.5 மில்லிகிராம், இ2வில் 1.6, எஃப்1இல் 5, எஃப்2வில் 16, எம்1இல் 50. ஒவ்வொரு படிக்கும் சுமார் மூன்று மடங்கு இடைவெளி. மேல்படிக் கல்லின் சந்தேகம் கீழ்ப்படியைப் பாதிக்காத அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். மத்திய அரசின் வட்டார ஆய்வகங்கள், மாநில எடையளவுத் துறை, இன்ஸ்பெக்டரின் பெட்டி என்று இறங்கி வந்து, கடைசியில் உங்கள் தெருக் காய்கறிக்காரரின் தராசில் வந்து நிற்கிறது. பேங்க் ஸ்ட்ரீட் நகைக்கடையில் எட்டு கிராம் ஒரு பவுன் என்று நம்பிக் காசு கொடுக்கிறோமே, அந்த நம்பிக்கையின் தலைப்பு நுனி இந்த ஆய்வகத்தில் கட்டியிருக்கிறது.

மேல்படியில் ஒரு ஒப்பீடு எப்படி நடக்கிறது? கல் வந்தவுடன் தராசில் வைக்க மாட்டார்கள். மே மாத வெயிலில் கூரியர் வண்டியில் வந்த ஒரு கிலோ எஃகுக் கல், 20 டிகிரி அறையில் முழு நாளாவது உட்கார வேண்டும். சூடான கல்லைச் சுற்றிக் காற்று மேலே எழும்பும். அந்த ஓட்டம் கல்லைத் தூக்கி எடை குறைந்த மாதிரி காட்டும். குளிர்ந்த கல்லுக்கு நேர்மாறு. கையில் தொட்டால் விரல்ரேகை எண்ணெய் பத்துக்கணக்கான மைக்ரோகிராம் ஏற்றிவிடும், அதனால் மெல்லிய தோல் சுற்றிய இடுக்கிதான். மனித உடம்பு சும்மா நின்றாலே சுமார் 100 வாட் வெப்பம் விடும், ஒரு பழைய குண்டு பல்பு எரிகிற மாதிரி. எனவே இரண்டு பேர் வேடிக்கை பார்க்க நின்றால் அன்றைய அளவீடு வீண். "ஒரு நிமிஷம் எட்டிப் பாத்துட்டுப் போறேன் சார்" என்பவரை வாசலிலேயே நிறுத்துவதும் அசிஸ்டன்ட்டின் வேலைதான்.

பிறகு வரிசை. தரக்கல்லை த என்றும், சோதனைக்கு வந்ததைச் சோ என்றும் வைப்போம். த, சோ, சோ, த என்று நான்கு முறை வைத்து எடுக்க வேண்டும். ஏன் இப்படி? தராசு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 10 மைக்ரோகிராம் நகர்கிறது, நிமிடத்துக்கு ஒரு ரீடிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகர்வு மட்டும் பார்த்தால் நான்கு ரீடிங்கிலும் 0, 10, 20, 30 கூடியிருக்கும். இரண்டு சோவின் சராசரியில் 15, இரண்டு த-வின் சராசரியிலும் 15. கழித்தால் நகர்வு ஓடிப்போய் கல்லின் உண்மையான வித்தியாசம் மட்டும் நிற்கும். த, சோ என்று இரண்டோடு நிறுத்தினால் 10 மைக்ரோகிராம் பொய் உள்ளே உட்கார்ந்துவிடும்.

இதில் எங்கே சறுக்கும் என்று பாருங்கள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் தாமதமானால் பரவாயில்லை, இரு பக்கமும் சமமாகத்தான் தள்ளும். நகர்வு ஒரே சீராக இருந்தால் விடை கெடாது. ஆனால் மூன்று ரீடிங் முடித்துவிட்டு, போன் வந்தது என்று ஐந்து நிமிடம் கழித்துக் கடைசி த-வை எடுத்தால், அதில் 30க்குப் பதில் 80 ஏறியிருக்கும். த-வின் சராசரி 40, சோவின் சராசரி 15. விடையில் 25 மைக்ரோகிராம் பிழை. கம்ப்யூட்டரில் எண் அழகாகத்தான் தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. லாக் புக்கில் ஒவ்வொரு ரீடிங்குக்கும் நேரம் எழுதியிருந்தால் மட்டுமே பிடிபடும். நேரத்தை எழுதுவதை வேலைக்காகாத சடங்கு என்று நினைக்கிற ஆட்கள் மாட்டுவது இங்கேதான். இப்போது பல தராசுகளில் கல்லை மாற்றுவது தானியங்கிக் கைதான். அப்போதும் வரிசையை அமைப்பதும், சுழற்சி நடுவில் நின்றுபோனால் அந்தச் செட்டை மொத்தமாகத் தூக்கிப் போடுவதும் ஆளின் முடிவு.

அடுத்து காற்று. தண்ணீரில் குடம் லேசாவது போல காற்றிலும் எல்லாம் கொஞ்சம் லேசாகும். ஒரு கிலோ பிளாட்டினம்-இரிடியம் 46.5 கன செ.மீ. இடம் பிடிக்கும், ஒரு கிலோ எஃகு 125. வித்தியாசம் 78.5 கன செ.மீ. டெல்லி கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால் காற்றழுத்தம் சென்னையைவிடக் குறைவு. 20 டிகிரியில் கன செ.மீ.க்கு 1.16 முதல் 1.17 மில்லிகிராம் காற்று. பெருக்கினால் சுமார் 91 மில்லிகிராம். இரண்டு கல்லும் உண்மையில் ஒரே கிலோவாக இருந்தாலும் தராசு இவ்வளவு வித்தியாசம் காட்டும். இ1 வகுப்பின் வரம்பே 0.5 மில்லிகிராம்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு பாருங்கள். அறை வெப்பநிலையை ஒரு டிகிரி தப்பாகப் படித்தால் காற்றின் அடர்த்தி 0.34 சதவீதம் மாறும், திருத்தத்தில் 0.3 மில்லிகிராம் போய்விடும். அழுத்தமானியில் ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் 0.09 மில்லிகிராம். ஈரப்பதம் பத்து சதவீதம் பிசகினால் ஏறக்குறைய 0.08. ஆகவே தராசுக்குப் பக்கத்தில் இருக்கும் தெர்மாமீட்டரும் பாரோமீட்டரும் தராசு அளவுக்கே முக்கியம். அவற்றுக்கும் கேலிபரேஷன் தேதி உண்டு. எஃகுக்கு எஃகு ஒப்பிடும்போது இந்தத் தலைவலி மிகவும் குறையும். பழைய பித்தளைக் கல் வந்தால் மறுபடி ஆரம்பிக்கும், கிலோவுக்கு 7 மில்லிகிராம் அளவில்.

இதில் விஞ்ஞானியின் பங்கு என்ன, அசிஸ்டன்ட்டின் பங்கு என்ன என்றுதானே கேட்கிறீர்கள். எந்த முறையில் ஒப்பிடுவது, எந்தெந்தப் பிழை எவ்வளவு சேரும் என்று நிச்சயமின்மைக் கணக்குப் போடுவது, மற்ற நாட்டு ஆய்வகங்களோடு ஒப்பீட்டில் பங்கெடுப்பது, கட்டுரை எழுதுவது, சான்றிதழுக்குப் பொறுப்பேற்பது எல்லாம் விஞ்ஞானி பக்கம். அந்தக் கணக்கில் போடும் ஒவ்வொரு எண்ணும் உண்மையாக இருக்க வைப்பது அசிஸ்டன்ட். விஞ்ஞானி "திரும்ப அளந்தால் 5 மைக்ரோகிராமுக்குள் வரும்" என்று எழுதினால், அந்த 5 என்பது அசிஸ்டன்ட்டின் கை. நல்ல பிரிவுகளில் அளந்தவர் கையெழுத்து ஒன்று, சரிபார்த்தவர் கையெழுத்து ஒன்று என்று சான்றிதழிலேயே இருக்கும். எல்லாப் பிரிவும் நல்ல பிரிவு அல்ல, டீ வாங்கி வரச் சொல்லும் மனிதர்கள் எந்த அலுவலகத்திலும் உண்டு, அதை மறுக்கவில்லை.

எடைப் பிரிவு கிடைக்காமலும் போகலாம். நீளப் பிரிவில் கேஜ் பிளாக் என்னும் எஃகுக் கட்டைகள். 100 மில்லிமீட்டர் கட்டை ஒரு டிகிரி சூடானால் 1.15 மைக்ரோமீட்டர் நீளும். உள்ளங்கையில் அரை நிமிடம் பிடித்தாலே அளவு கெட்டுவிடும். மின் பிரிவில் வோல்ட்டை ஜோசப்சன் சந்தியிலிருந்து (இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே மெல்லிய தடுப்பு வைத்த கருவி) எடுக்கிறார்கள், திரவ ஹீலியத்தில், 4.2 கெல்வினில். அத்தனை நுணுக்கமான கருவியை மண்ணைக் கவ்வ வைப்பது ஒரு அழுக்குத் திருகு. சுத்தமான செம்பும் செம்பும் சேர்ந்தால் டிகிரிக்கு 0.2 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் பொய் மின்னழுத்தம் வராது. செம்பு கறுத்து ஆக்சைடு படிந்த இடத்தில் அதுவே ஆயிரம் மைக்ரோவோல்ட் வரை போகும். அதனால்தான் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்கிறார்கள், துருவத்தை மாற்றி மாற்றி அளந்து சராசரி எடுக்கிறார்கள், ஒயரை மாட்டியபின் கை சூடு ஆறும்வரை காத்திருக்கிறார்கள். கழுவுவது, துடைப்பது, காத்திருப்பது என்று மேலே சொன்னது இதைத்தான்.

நேரப் பிரிவு தனி உலகம். சீசியம் கடிகாரங்கள், ஹைட்ரஜன் மேசர், இரண்டும் அணுவை வைத்து நேரம் எண்ணுபவை. சீசியம் அணுவின் 9,19,26,31,770 அதிர்வுகள் ஒரு நொடி. இந்திய நேரம் அங்கிருந்துதான் வருகிறது. மற்ற நாட்டுக் கடிகாரங்களோடு செயற்கைக்கோள் வழியாக ஒப்பிட்டு, வித்தியாசத்தை நானோநொடியில் சொல்கிறார்கள். இங்கே கூரையிலிருக்கும் ஆன்டெனாவிலிருந்து இறங்கும் கேபிள்கூட கடிகாரத்தின் ஒரு பாகம். கோஆக்ஸ் கேபிளில் சிக்னல் மீட்டருக்கு சுமார் 5 நானோநொடி எடுக்கும். குரங்கு கடித்தது என்று 30 மீட்டர் கேபிளுக்குப் பதில் ஸ்டோரில் கிடைத்த 32 மீட்டரைப் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் போனால், மறுநாளிலிருந்து நாட்டின் நேரம் காகிதத்தில் 10 நானோநொடி தள்ளி நிற்கும். 2017 ஜனவரி 1ஆம் தேதி காலை 5 மணி 29 நிமிடம் 59 நொடிக்குப் பிறகு 60ஆவது நொடி ஒன்று செருகப்பட்டது. ஊரே புத்தாண்டுத் தூக்கத்தில் இருந்தபோது இந்தப் பிரிவில் ஆள் விழித்திருக்க வேண்டிய காலை அது.

என் கணிப்பில் அந்த வளாகத்தில் மிகக் குறைவாக மதிக்கப்படுபவர் ஏ.சி. பிளான்ட் ஆபரேட்டர். இரவு இரண்டு மணிக்கு சில்லர் (குளிரூட்டும் இயந்திரம்) நின்று அறை 24 டிகிரிக்குப் போனால், காலையில் சரி செய்தாலும் கற்கள் பழைய நிலைக்கு வர இன்னொரு நாள் ஆகும். அதைப் பதிவேட்டில் எழுதாமல் மறைத்தால் அன்று போட்ட ரீடிங் அத்தனையும் சந்தேகம். அவரோடு நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்தது பர்ச்சேஸ். இண்டென்ட் (வாங்கித் தரக் கேட்கும் கோரிக்கை) எழுதும்போது கருவியின் விவரத்தில் கனெக்டர் வகை, மின்னழுத்தம், கேலிபரேஷன் சான்று வேண்டும் என்ற வரி, இதில் ஒன்று விட்டுப்போனாலும் டெண்டரில் குறைந்த விலை சொன்னவர் அது இல்லாமல் அனுப்புவார். விதிப்படி அவர் மேல் தப்பில்லை. மறுபடி கோப்பு போட்டு வாங்க மாதக்கணக்கில் ஆகும்.

பாதுகாப்பு ஒன்று மட்டும் விட முடியாது. திரவ நைட்ரஜன் ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயு. 35 கன மீட்டர் சின்ன அறையில் பத்து லிட்டர் கொட்டினால் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 17க்குக் கிட்ட இறங்கும். 19.5க்குக் கீழே போனாலே அலாரம் அடிக்க வேண்டும். வாசனை இல்லை, இருமல் வராது, தலை லேசாகி விழுவதுதான் முதல் அறிகுறி. ஆகையால் லிஃப்டில் டியூவரை, அதாவது திரவ நைட்ரஜன் குடுவையை, மட்டும் அனுப்பிவிட்டு ஆள் படியில் போவார். "ரெண்டு மாடிதானே" என்று கூட ஏறும் ஆளைத் திட்டினால் தப்பில்லை.

இனி விண்ணப்பம். டெக்னிக்கல் அசிஸ்டன்ட்டுக்கு வழக்கமாகக் கேட்பது 60 சதவீதத்துக்குக் குறையாத பி.எஸ்சி.யோடு ஒரு வருட அனுபவம், அல்லது டிப்ளமோவோடு இரண்டு வருடம். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 28. ஒவ்வொரு பதவிக்கும் தனிக் குறியீடு இருக்கும். அந்தக் குறியீட்டில் கேட்ட துறை அனுபவம் சான்றிதழில் வார்த்தைக்கு வார்த்தை தெரிய வேண்டும். "லேபில் பணிபுரிந்தார்" என்று மொட்டையாக எழுதி வாங்கினால் தேர்வுக் குழு தள்ளிவிடும். "பி.எஸ்சி. முடித்தபின் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை முழுநேரமாக, எடைக் கற்கள், தெர்மாமீட்டர் கேலிபரேஷன் செய்தார்" என்று எழுதி வாங்கட்டும். சேர்ந்த தேதி டிகிரி முடிவு வந்த தேதிக்கு முன்னால் இருந்தால் அந்த மாதங்களைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு எண்ணட்டும்.

முதலில் டிரேட் டெஸ்ட் என்னும் செய்முறைத் தேர்வு, பிறகு எழுத்துத் தேர்வு. டிரேட் டெஸ்ட்டில் தேறினால் போதும், தரவரிசை எழுத்துத் தேர்வில்தான். அதற்காக டிரேட் டெஸ்ட்டை அலட்சியம் செய்து வெளியே போனவர்கள் நிறைய. வெர்னியர், மைக்ரோமீட்டர் ரீடிங்கில் சுழிப்பிழையைக் கழிக்க மறப்பது, மல்டிமீட்டரில் மின்னோட்டக் குழியில் ஒயரை விட்டுவிட்டு மின்னழுத்தம் அளப்பது, விடையில் தேவைக்கு மேல் தசம இலக்கம் எழுதுவது இந்த மூன்றில்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. தப்பாக எழுதிய எண்ணை வெள்ளை மை வைத்து மறைக்கவோ மேலேயே திருத்தி எழுதவோ கூடாது. பழைய எண் படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு, பக்கத்தில் புது எண், சின்னக் கையெழுத்து, தேதி. இப்போது இருக்கும் லேபிலேயே அந்தப் பழக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் நாளைக் காலை ரீடிங்கிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.